ரெஜிஸ் வாத்தியார் வீடு

பிரகாசியம்மாளுக்கு மடியேந்தும் நேர்ச்சையைப் பற்றி முதலில் சொன்னவள் தூத்துக்குடிக்காரி சலேத்தம்மாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி அடைமழையில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அவள் தன் பேரனுக்காக வந்திருந்தாள். உள்ளே பிரிட்டோவுக்கு மூளைக்காய்ச்சல். ஐந்து வயதுப் பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் மட்டும் திரும்பும், பிள்ளை திரும்பமாட்டான். ஈரத்தரையில் ஒரே போர்வைக்குள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது, ஏதோ குழம்புக்குப் பக்குவம் சொல்கிற மாதிரிதான் சலேத்தம்மாள் சொன்னாள். "பிள்ள எந்திரிச்சிட்டான்னா எங்க பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிட்டு வா. செருப்புப் போடாத. பிள்ளையக் கையில பிடிச்சிக்கிட்டு, கோயிலச் சுத்தி இருக்க தெருவுல ஏழு வீட்டுல மடியேந்தணும். தெரியாத வீடா இருக்கணும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. அதக் கஞ்சியாக் காய்ச்சி இல்லாதவங்களுக்கு ஊத்திட்டு வந்துரு." "அரிசிய நான் வீட்டுலேர்ந்தே கொண்டாந்துர்றேனே அக்கா" என்று பிரகாசி கேட்டாள். சலேத்தம்மாள் சிரித்துவிட்டாள். "மாதாட்ட அரிசி இல்லன்னா கேக்கா? அவ கேக்கது ஒன் வெக்கத்த." அன்றைக்கு அது பிரகாசிக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு அவளிடம் வெட்கம் என்று ஒன்று ஏது? டாக்டர் காலிலும் விழுந்தாள், வார்டு கூட்டுகிறவள் காலிலும் விழுந்தாள். ஏழு என்ன, எழுபது வீட்டில் ஏந்துகிறேன் தாயே என்று சொல்லிவிட்டாள். பதினோராம் நாள் விடியலில் பிரிட்டோ, "அம்மா, பசிக்குது" என்றான்.

இப்போது அதே பிரிட்டோ ஹாலில் சோபாவில் சாய்ந்துகொண்டு, தூத்துக்குடிக்கு லேப்டாப்பில் நேரம் குறித்துக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். திண்டுக்கல் வெயில் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து பிரகாசியம்மாளின் பாதத்தில் விழுகிறது. அவள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சம்பந்தி வீட்டு அரிசி. மருமகள் ஜெமிமா ஊரிலிருந்து, அம்பாசமுத்திரத்துப் பக்கம், போன வாரம் மூட்டையாக வந்தது. நல்ல அரிசி, கல்லே இல்லை. இருந்தாலும் கை பார்க்கிறது. ஜெமிமாவுக்கு ஐந்தாம் மாசம். ஏழாம் மாசம் ஆனால் வண்டியில் போக விடமாட்டார்கள், அதற்குள் எல்லாருமாக ஒரு தடவை எங்கேயாவது கடலோரம் போய்வரலாம் என்று பிரிட்டோதான் ஆரம்பித்தான். மகள் பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து, கோவா என்றாள், கொச்சி என்றாள். ஜெமிமாதான், பழைய ஊராக, கூட்டம் இல்லாததாக, தூத்துக்குடி என்றாள். துறைமுகம், அந்தக் காலத்துக் கட்டடங்கள், முயல் தீவு, முந்திரி மக்ரூன் இனிப்பு. பிரகாசியம்மாளிடம் கேட்டபோது, "எங்கயும் போகலாம்ப்பா, எனக்கென்ன" என்றாள். அப்படிச் சொன்னபோதே நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. "முத நாள் காலைல அஞ்சு மணிக்கு வண்டி எடுக்குறோம்" என்று ஹாலிலிருந்து குரல் வருகிறது. "ஒம்பதுலேர்ந்து ஒம்பது இருபது வரைக்கும் மாதா கோயில்." "இருபது நிமிஷம் போதுமாடா?" என்று இங்கிருந்து கேட்கிறாள். "ஜெபத்துக்கு அஞ்சு நிமிஷம், போட்டோவுக்குப் பதினஞ்சு நிமிஷம்மா." ஜெமிமா சிரிக்கிறாள். "அத்தை, உங்க மகன் டூர் கூட்டிட்டுப் போறாரா, பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறாரா?" "அவங்க அப்பாவும் இப்பிடித்தாம்மா. கரண்டு கட் பண்றதுக்குக்கூட நேரம் சொல்லிட்டுத்தான் கம்பத்துல ஏறுவாரு" என்கிறாள் இவள். சிரிப்பு சரியாகத்தான் வந்தது. இவள் புருஷன், லைன்மேன் சவரிமுத்து போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தத் தூத்துக்குடி விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை. பிறகு பிரிட்டோ, ஒரு சாதாரணக் குரலில், எழுதிக்கொண்டே சொல்கிறான். "பதினொன்னரைக்கு ரெஜிஸ் சார் வீடு."

அரிசிக்குள் கை நின்றுவிட்டது. ரெஜிஸ் சார் வீடு. இருபத்தாறு வருஷம் ஆகிறது, பிள்ளை மறந்திருப்பான் என்று இவளாக எப்படி நினைத்தாள், பிள்ளைகள் எதை மறக்கும் எதை வைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும், காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் அவனுக்கு ஞாபகமில்லை, அந்த ஒரு காலை மட்டும் இருக்கிறது. ஹாலில் அவன் ஜெமிமாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "எங்கம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவர். நான் ஒண்ணாப்புப் படிக்கறப்ப அவரைப் பாக்கணும்னே தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போச்சு. போனா, ஆள் தவறிட்டாரு. எங்கம்மா அழுத அழுகை இருக்கே. அவரோட சம்சாரம், டீச்சரம்மா, எனக்கு அவரோட பேனாவைக் குடுத்தாங்க. பத்தாவது, பன்னெண்டாவது எல்லாம் அதுலதான் எழுதுனேன்." "அது இன்னும் இருக்கா?" "பெங்களூர்ல வச்சிருக்கேன். எடுத்துட்டு வரணும், அந்தம்மா இருந்தாங்கன்னா காட்டணும்." அவன் குரலில் இருக்கிற அந்தக் கனிவு, அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பொய்யை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இவ்வளவு அன்பாக வளர்ந்திருக்கிறானே, மரியே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன். காது மடல் சுடுகிறது. வெயில் பாதத்தில்தானே இருக்கிறது, காது எதற்குச் சுட வேண்டும். ஒரு நெல்லை எடுத்து ஓரமாக வைக்கிறாள். இன்னொரு நெல். அது நெல் இல்லை, அரிசிதான், திரும்பச் சுளகில் போடுகிறாள்.

ஆடி மாசம்தான் அது, திருநாளுக்குக் கொடியேறி மூணாம் நாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தெருவுக்குள் நடந்தாள். கட்டியிருந்தது மாம்பழக் கலர் கல்யாணச் சேலை. அதைத்தான் முதல் தப்பு என்று பிற்பாடு நினைத்துக்கொள்வாள். மாதாவைப் பார்க்கப் போகிறோமே என்று நல்லதாகக் கட்டினாள், பிச்சைக்குப் போகிறோம் என்று கட்டவில்லை. மண் காலைச் சுட்டது. மீன் வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து வந்தது. ரெண்டு வீட்டைத் தாண்டிவிட்டாள், மூணாவதில் கேட்கலாம் என்று. மூணாவதில் நாய் படுத்திருந்தது. நாலாவது பச்சைக் கதவு. நின்றாள். முந்தானையை முன்னால் இழுத்து ரெண்டு கையாலும் ஏந்தினாள், ஏந்திக்கூட விட்டாள், அது வரைக்கும் நடந்தது, மாதாவுக்குத் தெரியும். கதவு திறந்தது. பருத்த உடம்பு, மூச்சிரைப்பு, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி. "வாங்க, யாரு வேணும்?" யாராவது முகத்தைச் சுளித்திருந்தால் ஏந்தியிருப்பாள். சும்மா போ என்று சொல்லியிருந்தால்கூட நின்றிருப்பாள். வாங்க என்றுவிட்டாளே. கை தானாக முந்தானையை உதறித் தோளில் போட்டது. வாய் தானாகப் பேசியது. "ரெஜிஸ் வாத்தியார் வீடு எதுங்கக்கா?" அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. எந்த ரெஜிஸும் இவளுக்கு உறவில்லை. எட்டாவது வரைக்கும் படித்ததில் இவளுக்கு எல்லாமே சிஸ்டர்மார்தான், ஒரு வாத்தியார்கூடக் கிடையாது. பேரைச் சொன்னால் தெரியாது என்பாள், திரும்பிவிடலாம் என்றுதான். ஆனால் அந்தம்மா, பிலோமி என்று பேர் சொன்னாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். "ஒத்தையில பிள்ளைய வச்சிக்கிட்டு வெயில்ல எங்கன்னு தேடுவிய, வாங்க கேட்டுப் பாப்பம்." வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கா என்று இவள் பின்னால் ஓட, அந்தம்மா முன்னால் மூச்சுவாங்கிக்கொண்டு, மூன்று தெரு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, ரெஜிஸ் வாத்தியாரைத் தெரியுமா, ரெஜிஸ் வாத்தியாரைத் தெரியுமா. எத்தனை வாசல் என்று இவள் எண்ணவில்லை. ஏழுக்கு மேல் இருக்கும். இவளுக்காக ஒருத்தி வீடு வீடாக நின்று கேட்டுவிட்டாள், இல்லாத ஆளை. கடைசியில் ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். "ரெஜிஸ் வாத்தியாரா? அந்த முக்கு வீடுதான். அவரு தவறி நாப்பது நாளாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த வாத்தியார் இல்லைங்க, வேற ஆள் என்று ஒரு வார்த்தை. நினைப்பு எப்போதும் இந்த முக்கில் வந்துதான் முட்டிக்கொள்ளும், செபமாலை உருட்டும்போது நாலாம் மணியில், பால் காய்ச்சும்போது, பஸ்ஸில் ஜன்னலோரத்தில். சொல்லியிருக்கலாம். பிலோமி அக்கா இவள் கையைப் பிடித்துவிட்டாள், ஐயோ பாவம் என்று அவள் கண் நிறைந்துவிட்டது, அழுகிறவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று இவளும் அழுதாள். அழுதது பொய்யில்லை. தன்னை நினைத்து அழுதாள். முக்கு வீட்டில் வெள்ளைச் சேலையில் ஒரு டீச்சரம்மா, கண்ணாடி போட்டவர்கள், உள்ளே கூட்டி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். எங்கே படித்தாய் என்றார்கள். திண்டுக்கல் என்றாள், ஊராவது நிஜமாக இருக்கட்டும் என்று. டீச்சரம்மா தலையை ஆட்டிக்கொண்டே, "ஆமா, கல்யாணத்துக்கு முன்ன அவங்க அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் இருந்தாங்க" என்றார்கள். இவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "முப்பத்தோரு வருஷம் சொல்லிக் குடுத்தாங்கம்மா. அடக்கத்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் பொறவு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. தேடிக்கிட்டு வந்தது நீ ஒருத்திதான்." எழுந்துபோய் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பேனாவை எடுத்துவந்தார்கள், பச்சை நிறம், தங்க மூடி. பிரிட்டோவின் கையில் கொடுக்கப் போனவர்கள், சின்னப்பிள்ளை தொலைத்துவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ, "நீ வாங்கிக்கம்மா" என்றார்கள். இவள் கையை நீட்டவில்லை. கை வரவில்லை. முந்தானையை விரித்தாள். அதில் போட்டார்கள். அரிசி விழ வேண்டிய இடத்தில் செத்துப்போன ஒருவரின் பேனா விழுந்தது, அதற்கு எடையே இல்லை, ஆனாலும் முந்தானை தாழ்ந்தது. பஸ்ஸில் பிரிட்டோ கேட்டான், "யாரும்மா ரெஜிஸ் சார்?" "எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவர்டா." அதோடு விட்டிருக்கலாமே. விடவில்லை. கணக்கில் சோம்பினால், ரெஜிஸ் சார் என்ன சொல்வார் தெரியுமா, போட்டதைத் திருப்பிப் போட்டுப் பாக்கணும்னு சொல்வார் என்றாள். பெனிட்டா தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், ரெஜிஸ் சார் பாத்தா வருத்தப்படுவார் என்றாள். ஒரு நாள், பெனிட்டா ரெண்டு மார்க்கை மறைத்தபோது, ரெஜிஸ் சார் வேற எதுக்கும் அடிக்க மாட்டார், பொய் சொன்னா மட்டும் அடிப்பார் என்றாள். தன் வாயால்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, இதே ஜன்னலடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் ஆன்மாக்கள் பட்டியலில் ரெஜிஸ் வாத்தியார் பேரை எழுதிக்கொடுக்கிறாள், தன் அப்பா பேருக்கு அடுத்ததாக. அந்த ஆன்மா மோட்சத்தில் இருந்தால் இவளைப் பார்த்து என்ன நினைக்கும், யாருடா இந்தப் பொம்பளை என்று கேட்காதா. பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னாள், முழுதாக இல்லை. "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும், நிறையப் பொய்களுக்கு நடுவில் ஒளித்து. இளவயசுச் சாமியார், மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கம்மா என்றார். சொன்னாள். மலிவாக முடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த நேர்ச்சை மட்டும் அப்படியே கிடக்கிறது. பெனிட்டாவுக்கு ரெண்டாவது கரு தங்காமல் போனபோது அதுதான் ஞாபகம் வந்தது. சவரிமுத்து கம்பத்திலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று ஆள் வந்து சொன்னபோது, முதலில் இவளுக்குத் தோன்றியது ஐயோ என்பதில்லை, ஏழு வீடு என்பதுதான். மாதா அப்படிப்பட்டவள் இல்லை. அப்படி நினைப்பதே அவளைப் பழிப்பது. அவள் பெற்றவள், பிள்ளை இழந்தவள், கணக்குத் தீர்க்கப் பிள்ளைகளைத் தேடி வருகிறவளா? இல்லை. நூறு தடவை இல்லை. ஆனாலும் ஜெமிமாவின் வயிறு ஹாலிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து ஹாலுக்கும் நடக்கும்போது இவள் கண் தரையைப் பார்க்கிறது. ஜெமிமா நல்ல பெண். சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை, அவர்கள் வீட்டில் நேர்ச்சை கிடையாது, மாதா படம் கிடையாது, கேட்பதை நேரே ஆண்டவரிடமே கேட்டுக்கொள்கிறவர்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, சிரித்துக்கொண்டே, "ஏன் அத்தை, சாமிகிட்ட இது குடுத்தா அது தர்றேன்னு பேசலாமா?" என்று கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் முன்னால் தெருவில் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பதா? பெங்களூரில் ஆபீஸில் ஐம்பது பேருக்கு மேலே இருக்கிற மகன் பக்கத்தில் நிற்க, "அம்மா தாயே" என்பதா? பாரேன், இப்போதும் அதே வெட்கம்தான், ஒரு குண்டுமணிகூடக் குறையாமல், பெட்டியில் மடித்துவைத்த மாம்பழக் கலர் சேலை மாதிரி. சலேத்தம்மாள் கேட்டது இதைத்தான். இதை இவள் கொடுக்கவே இல்லை. இருபத்தாறு வருஷமாக இதைச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

"அம்மா, பெனிட்டா கேக்குறா, ரெஜிஸ் சாரோட முழுப் பேர் என்னன்னு. டீச்சரம்மாவுக்குப் போடப்போற பொன்னாடைல எழுதித் தரச் சொல்லலாமாம்." பொன்னாடை. இல்லாத உறவுக்குப் பொன்னாடை. "தெரியலப்பா" என்கிறாள். இது நிஜம், இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதரைப் பற்றிச் சொன்ன முதல் நிஜம். டீச்சரம்மா இருந்தால் எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். கதவைத் திறப்பார்களா, வேறு யாராவது திறப்பார்களா. பிரிட்டோ பேனாவை நீட்டுவான். அவர்கள் இவள் தலையில் கை வைத்து, நீ ஒருத்திதான் தேடி வந்தாய் என்று மறுபடியும் சொல்வார்கள். அது நடக்கக் கூடாது. வேறு எது நடந்தாலும் சரி, அந்தக் கை இந்தத் தலையில் மறுபடியும் படக் கூடாது. உடம்பு சரியில்லை என்று இங்கேயே இருந்துவிடலாம். அதுவும் பொய். வீட்டை இடித்துவிட்டார்களாம் என்று சொல்லலாம். அதுவும். ஒவ்வொரு பொய்யும் அந்த முக்கு வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது, சுற்றிச் சுற்றி, பிலோமி அக்கா மூச்சிரைக்க நடந்த மாதிரி. அப்படியானால் அந்த வாசலில்தான் ஏந்த வேண்டும். எங்கிருந்து வந்ததோ தெரியாது, மெதுவாகத்தான் வந்தது, குக்கரில் ஆவி அடங்குகிற மாதிரி. முதல் வீடு அதுதான். டீச்சரம்மாவோ, யாரோ, கதவைத் திறக்கிறவர்கள் முன்னால், பொன்னாடை வேண்டாம், செருப்பில்லாமல், ஒரு பிடி அரிசி. நான் உங்கள் வீட்டுக்காரரிடம் படிக்கவில்லைம்மா. நான் பிச்சைக்கு வந்தவள். அன்றைக்குக் கேட்க வெட்கப்பட்டேன். சொல்லிப் பார்த்தாள், உதட்டை அசைத்து, சத்தமில்லாமல். அவ்வளவையும் அங்கே போய்ச் சொல்ல வருமா? அன்றைக்கும் வரும் என்றுதான் நினைத்தாள்.

ஜெமிமா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். ஒரு கை இடுப்பில், ஐந்தாம் மாச நடை. "என்ன அத்தை, எங்க வீட்டு அரிசில கல்லு தேடுறீங்களா? எங்கம்மா கேட்டா சண்டைக்கு வந்துருவாங்க." "கல்லே இல்லம்மா" என்கிறாள் பிரகாசியம்மாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறது. ஜெமிமா டம்ளர்களைத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். "என்னாச்சு அத்தை? மூஞ்சி வேர்த்திருக்கு. தண்ணி தரவா?" "வேணாம்." சுளகைத் தரையில் வைக்கிறாள். சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறாள், முழங்கால் சொடக்குவிடுகிறது. ஹாலில் பிரிட்டோ பெனிட்டாவோடு போனில் மக்ரூன் எத்தனை பெட்டி என்று பேசிக்கொண்டிருக்கிறான். "ஜெமிமா, ரெஜிஸ் சாருன்னு எனக்கு யாரும் இல்லம்மா." "என்ன அத்தை சொல்றீங்க?" "எனக்கு அவர் சொல்லித் தரல. நான் அவரப் பாத்ததே இல்ல. நான் அந்த ஊருக்குப் போனது வேற ஒண்ணுக்கு. பிரிட்டோவுக்காக வேண்டிக்கிட்டது. ஏழு வீட்டுல மடியேந்தணும், வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டு வந்துட்டேன். இந்தத் தடவ ஏந்தணும். அந்த வீட்டுலயே ஆரம்பிக்கணும். அவன்கிட்டயும் சொல்லணும், இன்னைக்கே சொல்லிர்றேன். ஆனா எனக்குக் கை வருமான்னு தெரியல." ஜெமிமா சிரிக்கவில்லை. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். பிரகாசியம்மாள் முந்தானையை முன்னால் இழுக்கிறாள், ரெண்டு முனையையும் பிடிக்கிறாள், தூக்கிப் பிடிக்கிறாள். தரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறாள்.

"இது ஏழு வீட்டுக் கணக்குல சேராது. ஒரு தரம் ஏந்திப் பாத்துக்குறேன். உங்க வீட்டு அரிசில ஒரு பிடி போடும்மா."